அயலாரே அரண்

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுவது நம் மரபு. அந்நிலமே பொறுமையிழந்தால் யாது செய்வோம்?

1995ஆம் ஆண்டு தை மாதம் 17ஆந் திகதி, விடியற்காலை 5.46 மணிக்கு, யப்பானின் கோபே நகரும் அருகிலுள்ள அவாஜித் தீவும் குலுங்கின. அதிர்ந்தது ஏறத்தாழ 20 விநாடி. மாண்டோர் 6,000 பேருக்கும் மேல். பாரமான ஓட்டுக் கூரைகளைத் தாங்கிய பழைய மரவீடுகள் உறங்கியோர் மீது சரிந்தமையே உயிர்ச்சேதத்துக்குப் பெருங் காரணம்.

அத்தீவின் வடபால் உள்ள ஹொக்குடான் என்னும் சிற்றூர், அதிர்ச்சி தோன்றிய இடத்துக்கு மிக அண்மையது. அங்கும் வீடுகள் பல நொறுங்கின. ஆயினும், எவ்வீட்டில் எவர் எந்த அறையில் உறங்குவர் என்பதை அயலார் அறிந்திருந்தனர். ஆகவே, எங்கே தோண்டுவது என்று மயங்க நேரவில்லை. ஊர்த் தீயணைப்புத் தொண்டரும் பொதுமக்களும் கூடி ஏறத்தாழ 300 பேரை மீட்டனர். அன்று மாலைக்குள் காணாமற் போனோர் எவருமிலர் என்றாயிற்று.

கோபேயிலும் இடிபாட்டினின்று உயிருடன் மீண்டோரிற் பெரும்பாலோரை வெளியே எடுத்தவை அயலார் கைகளே. பின்னர், நாடெங்குமிருந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொண்டர் வந்து உதவினர்.

நம் அடுத்த வீட்டுப் பாட்டி எந்த அறையில் உறங்குகின்றார்? நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அயலை அறிந்திருத்தலும் ஓர் ஆயத்தமே.