வெறுமையாக வரும் சாப்பாட்டுப் பெட்டி

சில மாதங்களுக்கு முன்னர் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அவனது அம்மாவும் அம்மம்மாவும் எமது சிகிச்சை நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். மதியத்துக்குப் பின் வகுப்பில் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிடுகிறான் என்று ஆசிரியை எழுதி அனுப்பியிருந்தார். பிள்ளையின் முகம் வெளிறியிருந்தது. "நல்லாச் சாப்பிடுறான் தம்பி. நான் கட்டிக் குடுக்கிற சோறு கறி ஒரு பருக்கை மிச்சமில்லை. பெட்டி வெறுமையாத்தான் வருது" என்றார் அம்மம்மா.

இரத்தப் பரிசோதனை வேறு கதை சொன்னது. ஃபெரிட்டின் எனப்படும் இரும்புச் சேமிப்பின் அளவு மிகக் குறைவாக இருந்தது. மறுமுறை வந்தபோது, அம்மாவை அருகில் வைத்துக்கொண்டே மெதுவாக விசாரித்தோம். பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: "மூடியைத் திறந்தா எல்லாரும் மூக்கைப் பொத்துவினம். அதாலை குப்பைக்குள்ளை போட்டிட்டு விளையாடப் போயிடுவன்."

அம்மம்மா அழுதுவிட்டார். அந்த அழுகை எமக்கு விளங்கியது. 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த நாட்களில் ஒரு பொதிச் சோற்றைப் பலர் பகிர்ந்து உண்ட தலைமுறை நாங்கள். சோற்றைக் குப்பையில் போடுவது எங்களுக்குத் தாங்க முடியாத காரியம். ஆனால் அந்தப் பிள்ளை சோற்றை வெறுக்கவில்லை. இரவில் அதே சோற்றை வீட்டில் விரும்பித்தான் சாப்பிடுகிறான். அவனால் முடியாதது, எல்லோரும் பார்க்க அந்த மூடியைத் திறப்பதுதான்.

பெற்றோரின் சம்மதத்துடனேயே இதனை எழுதுகிறோம். சிறு சிறு மாற்றங்களுடன் இதே கதை எமது சமூகத்தின் வேறு வீடுகளிலும் நடப்பதைக் காண்கிறோம்.

ஏன் இந்தப் பெட்டி முக்கியம்?

அவுஸ்திரேலியாவில் பெரும்பாலான பாடசாலைகளில் மதிய உணவு வழங்கப்படுவதில்லை. காலை எட்டரை மணிக்குப் புறப்படும் பிள்ளை மூன்றரை மணி வரை வீட்டிலிருந்து கொண்டுபோவதை நம்பியே இருக்கிறது. அது உள்ளே போகாவிட்டால் வீடு திரும்பியதும் அகோரப் பசி. உடனே இரண்டு கப் பாலும் பிஸ்கற்றும். அதன் பின் இரவுச் சாப்பாட்டுக்குப் பசி இருக்காது. மேலே சொன்ன சிறுவனுக்கும் இதுவே நடந்தது.

நான்கு முதல் எட்டு வயது வரையான பிள்ளைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்பது இந்நாட்டின் பரிந்துரை. பால் கல்சியத்துக்கு நல்லது. ஆனால் அதில் இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம். சிறு பிள்ளைகள் நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேல் பால் குடித்தால் மற்ற உணவுக்கு வயிற்றில் இடம் இருக்காது. இரும்புச்சத்துக் குறைந்தால் களைப்பு, சிடுசிடுப்பு, பசியின்மை, படிப்பில் கவனக்குறைவு என ஒவ்வொன்றாக வரும்.

பத்து நிமிடச் சாப்பாடு

பல பாடசாலைகளில் பிள்ளைகள் அமர்ந்து சாப்பிடக் கிடைப்பது ஏறக்குறைய பத்து நிமிடங்களே. சூடாக்க வசதி இல்லை. கறி குழைத்துச் சாப்பிட்டால் கை கழுவ ஓட வேண்டும். விளையாட்டு மைதானமோ கூப்பிடுகிறது. ஆகவே பெட்டியில் வைப்பது ஒரு கையால் எடுத்து, ஆறிய நிலையிலும் ருசியாகச் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். அதே பெட்டி, அதே சாப்பாடு, பத்து நிமிடம். மூடியைப் பிள்ளையால் திறக்க முடிகிறதா, தோடம்பழத்தை உரிக்க முடிகிறதா, எவ்வளவு மிஞ்சுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

எமது அடுப்படியிலிருந்து ஐந்து நாட்கள்

வெள்ளைப் பாணும் ஜாமும்தான் "இங்கத்தைய சாப்பாடு" என்று எண்ண வேண்டாம். பெட்டியில் ஐந்து விடயங்கள் இருந்தால் போதும்: ஒரு தானியம், ஒரு புரதம், ஒரு மரக்கறி, ஒரு பழம், ஒரு பாலுணவு. குடிக்கத் தண்ணீர்.

திங்கள்: தேங்காய்ப்பூவும் துருவிய கரட்டும் சேர்த்துச் சுட்ட மெல்லிய ரொட்டி. நடுவில் முட்டைப் பொரியல் வைத்துச் சுருட்டி இரண்டாக வெட்டவும். வெள்ளரிக்காய்த் துண்டுகள், ஒரு வாழைப்பழம்.

செவ்வாய்: நெய்யும் கரட்டும் சேர்த்துக் குழைத்த பருப்புச் சோறு. வாய் அகன்ற சிறு பிளாஸ்கில் சூடாக வைத்து, கரண்டியும் கொடுத்துவிடவும். அரைக் கப் வேகவைத்த மைசூர்ப் பருப்பில் ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. கூடவே உரித்த தோடம்பழச் சுளைகள்.

புதன்: முழுத்தானியப் பாணில் கோழி இறைச்சியும் சீஸும். முதல்நாள் கறியிலிருந்து இறைச்சித் துண்டுகளை எடுத்து, குழம்பை வழித்துவிட்டு, சிறிதாகப் பிய்த்து வைக்கலாம். சிறிய தக்காளிகளை நான்காக வெட்டி வைக்கவும்.

வியாழன்: இடியப்பத்தை உதிர்த்து முட்டை, லீக்ஸ், கரட், பட்டாணியுடன் பிரட்டிய இடியப்பக் கொத்து. மிளகாயைக் குறைக்கவும். ஒரு சிறு யோகட்.

வெள்ளி: பல வீடுகளில் மரக்கறி நாள். உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்துச் சுருட்டிய சிறு தோசைகள். சிறு டப்பாவில் அவித்த பயறு அல்லது கௌபி, கொஞ்சம் தேங்காய்ப்பூவுடன். ஒரு கிவிப்பழம்.

தோடம்பழமும் கிவியும் சும்மா சேர்க்கப்படவில்லை. பருப்பு, பயறு, கீரை ஆகியவற்றின் இரும்பை உடல் இறைச்சியின் இரும்பைப் போல எளிதில் உறிஞ்சாது. அதே வேளையில் விற்றமின் சி உள்ள பழத்தைச் சாப்பிட்டால் உறிஞ்சுவது கூடும். தேநீர் அதற்கு எதிர்மாறு. எனவே சாப்பாட்டுடன் பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

புதிய உணவு ஒன்றைப் பிள்ளை முதல் தடவை ஒதுக்கினால் சோர்ந்துவிடாதீர்கள். பத்துப் பதினைந்து தடவை கண்ட பின்னரே சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். முதலில் வீட்டில் பழக்கி, பின்னர் பெட்டியில் வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை

சமைத்த உணவு 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் இருந்தால் கிருமிகள் பெருகும். உறையவைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் பெட்டியோடு சேர்த்து வைத்தால் மதியம் வரை குளிர்ச்சி காக்கும். சோற்றில் அதிக கவனம் தேவை. வேகவைத்தும் சாகாத கிருமி வித்துக்கள் அதில் இருக்கலாம். இரவுச் சோற்றை மேசையில் விடாமல், ஆவி அடங்கியதும் குளிர்ப்பெட்டியில் வைத்து, காலையில் ஆவி பறக்கச் சூடாக்கவும். பிளாஸ்கில் முதலில் கொதிநீரைப் பத்து நிமிடம் ஊற்றி வைத்து, அதைக் கொட்டிய பின் உணவை நிரப்பவும்.

பல பாடசாலைகள் கச்சான், கஜு போன்றவற்றைக் கொண்டுவர வேண்டாம் எனக் கேட்கின்றன. எள்ளுக்கும் கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் உண்டு. எள்ளுருண்டை கொடுத்துவிட முன் ஆசிரியரிடம் கேளுங்கள். முழுத் திராட்சை சிறு பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள்.

பழச்சாறு பழமாகாது. 200 மில்லிலீற்றர் பெட்டி ஒன்றில் ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி சீனி இருக்கும்.

இரும்புச்சத்துக் குறைவு என்ற சந்தேகம் வந்தால் உங்கள் வைத்தியரிடம் காட்டிப் பரிசோதியுங்கள். கர்ப்ப காலத்தில் அம்மாவுக்குக் கொடுத்து மிஞ்சிய இரும்பு மாத்திரைகளைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. அளவு மீறினால் சிறு பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். தவறுதலாக விழுங்கிவிட்டால், அறிகுறி வரும்வரை காத்திராமல் நஞ்சுத் தகவல் நிலையத்தை 13 11 26 என்ற இலக்கத்தில் அழையுங்கள். பிள்ளை மயங்கினாலோ மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ 000.

மிச்சம் வரட்டும்

மணம் பற்றிய கேலியைச் சிறு விடயம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள். எமது உணவில் வெட்கப்பட எதுவுமில்லை என்பதைப் பிள்ளை அறிய வேண்டும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை அந்தப் போராட்டத்தைத் தினமும் தனியே, பசியோடு நடத்த வேண்டியதில்லை. பொரித்த மீனும் உள்ளிக் குழம்பும் இரவுக்கு இருக்கட்டும்.

பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம் "எல்லாம் முடிச்சியா?" என்று கேட்பதை விட்டு, "எது பிடிச்சுது? எது மிஞ்சினது?" என்று கேளுங்கள். மிஞ்சியதை எறியாமல் வீட்டுக்குக் கொண்டு வந்தால் ஏச்சு இல்லை என்று வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

அந்தச் சிறுவனுக்கு நிறைக்கேற்ற அளவில் இரும்பு மருந்து கொடுத்தோம். ஞாயிறு மாலையில் அவனும் அம்மம்மாவும் சேர்ந்து வாரத்துக்கான சாப்பாட்டைத் தெரிவு செய்கிறார்கள். மூன்று மாதங்களின் பின் இரும்பின் அளவு ஏறியிருந்தது. வகுப்பில் இப்போது தூங்குவதில்லை.

"இப்ப பெட்டியிலை கரட்டும் அரைத் தோசையும் மிஞ்சித்தான் வருது தம்பி" என்றார் அம்மம்மா. இம்முறை சிரித்துக்கொண்டே சொன்னார்.