உலை கொதித்ததா?

நள்ளிரவில் மின்சாரம் போய் வருகிறது. சர்வர் தானாக எழுந்துகொள்கிறது. காலையில் வலைத்தளத்தைத் திறந்தால் பிழைச் செய்தி. நிர்வாகி உள்ளே போய்ப் பார்க்கிறார்: நெட்வொர்க் இருக்கிறது, டேட்டாபேஸ் ஓடுகிறது, வலைச் செயலி மட்டும் செத்துக் கிடக்கிறது. அதை மறுபடி கிளப்பிவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது.

விடை லாக் கோப்பில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ், மின்சாரம் திடீரென்று போயிருந்தால், எழுந்ததும் தன் பதிவேட்டைப் புரட்டி, வட்டில் எழுதி முடிக்காத மாற்றங்களை மறுபடி செய்யும். அதுவரை கேட்டு வருபவர்களை 'இப்போதுதான் எழுந்துகொண்டிருக்கிறேன்' என்று திருப்பி அனுப்பும். செயலி கேட்டது சரியாக அந்த நேரத்தில். ஒரே மறுப்பில் அது நின்றுவிட்டது.

சர்வர் எழும்போது எந்தச் சேவை முதலில், எது பிறகு என்ற வரிசையைப் பழைய யூனிக்ஸ் முறையில் எண்கள்தான் காத்தன. 'சிஸ்டம் ஃபைவ்' வழியில் ஒவ்வொரு தொடக்க நிரலின் பெயரும் 'எஸ்' என்ற எழுத்தும் இரண்டு இலக்கமும் கொண்டு தொடங்கும். 10 முடிந்தால் 20, அதன்பின் 80. எது எதற்காகக் காத்திருக்கிறது என்று எங்கும் எழுதியிருக்காது; எண்ணைப் போட்டவருக்குத்தான் தெரியும். ஒருவர் பின் ஒருவராக நிற்பதால் பூட் ஆகவும் நேரம் பிடிக்கும்.

சேவைகளைக் கிளப்பும் வேலையைச் செய்ய 2010-இல் லெனார்ட் பேட்டரிங் அறிமுகப்படுத்திய 'சிஸ்டம்டி' எண்களை விட்டுவிட்டு உறவுகளைக் கேட்டது. அதில் இரண்டு சொற்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். 'ரிக்வயர்ஸ்' என்றால் 'அது எனக்குத் தேவை'. 'ஆஃப்டர்' என்றால் 'அதற்குப் பிறகு நான்'. முதலாவதை மட்டும் எழுதினால் இரண்டு சேவைகளும் ஒரே நேரத்தில் கிளம்பும். இரண்டாவதை மட்டும் எழுதினால் வரிசை இருக்கும். ஆனால் அந்தச் சேவையைக் கிளப்ப வேண்டிய பொறுப்பு யாருக்கும் இராது. பெரும்பாலும் இரண்டும் வேண்டும்.

இரண்டையும் எழுதிய பிறகும் செயலி விழலாம். அடுப்பைப் பற்றவைத்ததும் யாரும் அரிசியைப் போடுவதில்லை. உலை கொதிக்க வேண்டும். சாதாரண வகைச் சேவையில் சிஸ்டம்டி பார்ப்பது அடுப்பை மட்டும்தான். நிரல் கிளம்பிவிட்டால் போதும், அடுத்ததை அழைத்துவிடும். அதனால்தான் 'நோட்டிஃபை' என்றொரு வகை இருக்கிறது. அதில் 'தயார்' என்று சேவையே சொல்லி அனுப்பும்வரை பின்னால் நிற்பவை காத்திருக்கும். '30 விநாடி தூங்கு' என்று நிரலில் எழுதிவைப்பவர்களும் உண்டு. பதிவேடு நீளமான இரவில் அந்த 30 போதாது. மற்ற நாட்களில் அத்தனையும் வீண்.

இன்னொரு வழி, காத்திருப்பையே தேவையற்றதாக்குவது. ஆப்பிளின் 'லாஞ்ச்டி' 2005-இலேயே இதைச் செய்தது. சேவை எழுவதற்கு முன்பே அதன் வாசலில் தபால்பெட்டியை மாட்டிவிடுவார்கள். வரும் கோரிக்கைகள் பெட்டியில் விழும். வீட்டுக்காரர் எழுந்ததும் எடுத்துப் படிப்பார். கேட்பவரும் கொடுப்பவரும் சேர்ந்தே கிளம்பலாம்.

இவ்வளவும் பெரும்பாலும் சேவைகள் எழும் நேரத்துக்குத்தான். மதியம் மூன்று மணிக்கு டேட்டாபேஸை மட்டும் மறுதொடக்கம் செய்தால் பூட் வரிசையை மட்டும் நம்பியிருக்க முடியாது. 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளி விட்டு மறுபடி கேட்டுப் பார்க்கும் பொறுமை செயலிக்குள்ளேயே இருக்க வேண்டும். அது இருந்திருந்தால் அன்று காலை நிர்வாகிக்கு வேலையே இருந்திருக்காது.