பட்டாளத்தில் பட்ட மனக்காயமும் பென்ஷன் உரிமையும்



பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பியவர் ராத்திரியில் அலறி எழுகிறாரா? திருவிழா வேட்டுச் சத்தம் கேட்டால் நடுங்குகிறாரா? காரணமில்லாமல் வீட்டாரிடம் சீறுகிறாரா? இது பேய் பிடித்ததும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. சண்டையிலும் சாவிலும் பட்ட அதிர்ச்சி மனதில் தங்கிவிடும் நோய். மருந்தாலும் ஆலோசனையாலும் இதைக் கட்டுப்படுத்தலாம்.

இதற்கு ஊனமுற்றோர் பென்ஷன் உண்டா?

உண்டு. நோய் ராணுவ வேலையால் வந்ததாகவோ, வேலையால் முற்றியதாகவோ இருக்க வேண்டும். ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

சேரும்போது பதிவேட்டில் இல்லாத நோய் பின்னால் வந்தால், அது வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அது 1982-ம் ஆண்டு விதிகளை வைத்துச் சொன்ன தீர்ப்பு. 2008-லும் 2023-லும் புது விதிகள் வந்துள்ளன. டிஸ்சார்ஜ் ஆன தேதியைப் பொறுத்து விதி மாறும். எந்த விதியானாலும் காகிதம்தான் பலம்.

செய்ய வேண்டியவை:

1. டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு காகிதம், மிலிட்டரி ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். காணாமல் போயிருந்தால் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதி நகல் கேளுங்கள்.

2. எந்த ஆண்டு, எந்த இடம், என்ன நடந்தது என்பதைக் கணவர் எழுத வேண்டும். உடனிருந்த சிப்பாயின் கடிதமும் உதவும்.

3. மனைவி ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வரட்டும்: எத்தனை மணி தூங்கினார், எதற்குப் பயந்தார், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை. கூட்டவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

4. பாலசமுத்திரத்தில் இருப்பவர்கள் பழனி அரசு மருத்துவமனைக்குப் போய்க் கூச்சப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். வெளியில் தெரிந்தால் கேவலம் என்று வைத்தியத்தைத் தள்ளினால் நோயும் முற்றும், சாட்சியும் இல்லாமல் போகும்.

5. திண்டுக்கல் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத வழி கேளுங்கள்.

6. மனு தள்ளுபடியானால் மனம் தளர வேண்டாம். மேல்முறையீடு செய்யுங்கள். அதுவும் தோற்றால், இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

"செத்துப் போகலாம்" என்று அவர் சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை, இரவும் பகலும் பேசலாம்.

தேசத்துக்காகப் பட்ட காயத்தை மறைக்காதீர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள், சேர்ந்தே கேளுங்கள்!