பழைய பசுமைக்குடிலுக்குச் சிக்கனமான அஸ்திவாரம்

நீலகிரியிலும் ஓசூர்ப் பிரதேசத்திலும் கொய்மலர் பயிரிடுவோர் தொழிலை மாற்றும்போதும், பெரிய அளவில் புதிதாக அமைக்கும்போதும், தங்கள் பழைய பசுமைக்குடில்களைப் பிரித்து விற்பதுண்டு. மேலே போர்த்திய பாலிதீன் தாள் சில வருஷங்களில் நைந்துவிடும். ஆனால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் நெடுங்காலம் உழைப்பவை. ஆகையால் காய்கறி நாற்று விடுவதற்கு ஒரு சிறு குடில் வேண்டுமென்று எண்ணும் விவசாயிக்கு இத்தகைய பழைய சாமான் லாபகரமானதே. அப்படியிருந்தும், மலிவாக வாங்கி நாட்டிய குடில் முதல் ஆடிக்காற்றிலேயே பெயர்ந்து வேலியின்மேல் விழுந்து கிடப்பதைக் காணலாம். பெரும்பாலும் குற்றம் குழாயினுடையதன்று. கால்களை ஊன்றிய விதத்தினுடையது.

வீட்டின் அஸ்திவாரம் வேறு, குடிலின் அஸ்திவாரம் வேறு. வீட்டின் சுமை கீழ்நோக்கி அழுத்துகிறது. அதைத் தாங்குவதே அஸ்திவாரத்தின் வேலை. குடிலோ எடை மிகக் குறைந்தது, பரப்பு மிக அகன்றது. கூரையைத் தாண்டிச் செல்லும் காற்று அதை மேல்நோக்கி இழுக்கிறது. காற்றுக்கு எதிர்முகமாகக் கதவு திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தூக்குகிறது. ஆகவே குடிலின் அஸ்திவாரம் தோணிக்கு நங்கூரம் போன்றது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தச் செலவு அவசியம், எது வீண் என்பது எளிதில் விளங்கும்.

6 மீட்டர் அகலமும் 9 மீட்டர் நீளமும் (ஏறக்குறைய 20 அடிக்கு 30 அடி) உள்ள ஒரு குடிலை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரின்மேல் சுமார் 47 கிலோ அழுத்தம் உண்டாக்குகிறது. இதில் பாதியே மேல்நோக்கி இழுப்பதாக வைத்துக்கொண்டாலும், 54 சதுர மீட்டர் கூரைக்கு ஏறக்குறைய 1,270 கிலோ ஆகிறது. குடிலுக்கு இரு பக்கமும் ஐந்தைந்தாகப் பத்துக் கால்கள். ஒவ்வொரு காலுக்கும் 30 சென்டிமீட்டர் சதுரமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழி தோண்டிக் கான்கிரீட் நிரப்பினால், ஒரு குழிக்கு 130 கிலோ வீதம் பத்துக் குழிக்கும் 1,300 கிலோ எடை கிடைக்கிறது. காற்றின் இழுப்புக்கு இதுவே ஈடாகிவிடும். குடிலின் சொந்த எடையும் சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பும் அதற்கு மேற்பட்ட காவல்.

இவ்வளவுக்கும் வேண்டிய கான்கிரீட் அரைக் கன மீட்டருக்குச் சற்று அதிகமே. ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்ற கலவைக்கு நான்கு மூட்டை சிமெண்டு போதும். இதை விட்டுத் தரை முழுவதும் 10 சென்டிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் போட முற்படுவோர் இதைப்போல் பத்து மடங்கு சாமானைக் கொட்டுகிறார்கள். சுற்றிலும் செங்கற்சுவர் எழுப்புவது பார்வைக்கு அழகுதான்; ஆனால் கால்கள் ஆழத்தில் பிணைக்கப்படாமல் சுவரின் மேல்வரிசையில் மட்டும் திருகப்பட்டிருந்தால், பலத்த காற்று அந்த வரிசையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகும். சவுக்கு, தைல மரக் கம்புகளைக் கால்களாக நடுவது இரண்டொரு வருஷத்துக்கு மேல் நம்பத்தக்கதன்று, கறையான் விடாது.

காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் அதன் அழுத்தம் இரண்டேகால் மடங்காகிறது என்பதையும் மறக்கலாகாது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புக்களை வேரோடு சாய்த்த கடற்கரைப் பகுதிகளில் மேலே கூறிய அளவு போதாது. அங்கே குழியின் ஆழத்தையும் அகலத்தையும் தாராளமாக வைக்க வேண்டும்.

பழைய குடிலை வாங்குவோர் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பிரிப்பவர்கள் பழைய கான்கிரீட்டைத் தோண்டச் சலித்துக்கொண்டு, கால்களைத் தரைமட்டத்தில் அறுத்துவிடுகிறார்கள். வண்டியில் வருவது வளைவுகளும் குறுக்குக் குழாய்களும் மட்டுமே. ஆகவே கால் குழாய்களைப் புதிதாகவே வாங்கவேண்டியிருக்கும். வளைவின் நுனி உள்ளே செருகும்படி சற்றுப் பெரிய விட்டமுள்ள குழாயாகப் பார்த்து, 6 மீட்டர் நீளத்தில் இரண்டு வாங்கினால், 90 சென்டிமீட்டர் வீதம் பன்னிரண்டு துண்டுகள் கிடைக்கும். பத்துக் கால்களுக்கும் கதவு நிலைக்கும் சரியாகப் போகும். கூடுமானால் பிரிக்கும் நாளில் உடனிருந்து, ஒவ்வொரு வளைவுக்கும் பெயிண்டால் இலக்கமிட்டு, கால்களுக்கு இடையிலுள்ள தூரத்தை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளவேண்டும். 1851-ல் லண்டன் ஹைடு பூங்காவில் எழுந்த கிறிஸ்டல் பாலஸ் என்னும் மாபெருங் கண்ணாடி மாளிகையைக்கூடப் பிரித்தெடுத்துச் சிடன்ஹாமில் திரும்ப அமைத்து 1854-ல் திறந்தார்கள். உறுப்புக்கள் ஓரளவாகச் செய்யப்பட்டிருந்ததே அதற்குப் பேருதவியாயிற்று. நம் குடிலிலோ பழைய வளைவுகள் ஒன்றுக்கொன்று சிறிது கோணியிருக்கலாம்; ஆகவே இலக்கம் அவசியம்.

இடத்தைத் தேரும்போது மலைச்சரிவில் ஓர் ஆபத்து உண்டு. சரிவை வெட்டிச் சமன் செய்த மேடையில் மேற்பாதி வெட்டிய மண், கீழ்ப்பாதி கொட்டிய மண். கொட்டிய மண்ணில் ஊன்றிய கால் இரண்டு மழைக்குள் இறங்கிவிடும். சட்டம் முழுவதும் முறுக்கிக்கொள்ளும். கீழ்ப்பக்கக் குழிகள் கட்டாந்தரையைத் தொடும்வரை ஆழ்ந்து செல்லவேண்டும். இல்லையேல் குடிலை உட்புறமாகத் தள்ளி அமைப்பதே உத்தமம். மேட்டுப் பக்கத்தில் மழைநீர் வடிய ஒரு கால்வாய் வேண்டும். வெடிக்கும் கரிசல் நிலத்தில் 60 சென்டிமீட்டர் ஆழம் போதாது. 90 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இறக்கவேண்டும்.

மூலைகளை அளக்கும்போது பக்கத்திலிருக்கும் சர்வே கல்லையே முளையாகக் கொள்வதும், இடைஞ்சலென்று அதைப் பெயர்த்து வைப்பதும் ஆங்காங்கே நடக்கிற காரியங்கள். 1923-ஆம் வருஷத்துச் சர்வே எல்லைச் சட்டப்படி அக்கல்லைப் பேணும் பொறுப்பு நிலத்துக்குரியவருடையது. கிராம அதிகாரிகள் இதை முன்கூட்டியே எடுத்துச் சொன்னால் பின்னால் வரும் அண்டை வழக்குகள் குறையும்.

நான்கு மூலைகளிலும் முளையடித்துக் கயிறு கட்டியபின், மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார்க்கவேண்டும். இரண்டு குறுக்களவும் 10 மீட்டர் 82 சென்டிமீட்டராக ஒத்திருந்தால் சதுரம் பிசகவில்லை. இரண்டு விரற்கடைக்கு மேல் பேதமிருந்தால் தாள் ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் தொய்ந்து, காற்றில் படபடவென்று அடித்துக் கிழியும். கால்களின் தலைமட்டத்தை நீர் நிரப்பிய ரப்பர் குழாயால் ஒப்பிட்டுக்கொள்ளலாம்; கொத்தனார்களுக்கு இது பழக்கமான வேலையே.

குழியை வாயைவிட அடி சற்று அகலமாக இருக்கும்படி குடைந்து வெட்டினால் இழுப்பை நன்கு தாங்கும். அடியில் ஒரு கை ஜல்லி பரப்பி, அதன்மேல் கால் குழாயை நிறுத்துவது நலம். குழாய்க்குள் இறங்கும் நீர் தங்காமல் வடிந்துவிடும். குழாயின் கீழ்ப்பாகத்தில் துளையிட்டு ஒரு சாண் இரும்புக் கம்பியைக் குறுக்கே செருகாவிட்டால், கான்கிரீட் தன் இடத்தில் கிடக்கக் குழாய் மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும். இந்தச் சிறு கம்பிக்காக மெத்தனப்பட்டுக் குடிலை இழந்தவர் உண்டு. கலவை கொட்டும்போது கழுவிய கருங்கற்களை இடையிடையே, ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல், புதைக்கலாம். எடை குறையாது, சிமெண்டு மிச்சப்படும். மேற்பரப்பைத் தரைக்கு மேல் நான்கு விரல் உயர்த்திச் சரிவாகப் பூசவேண்டும். இரும்பு முதலில் துருப்பிடிப்பது மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த இடத்தில்தான்.

கான்கிரீட்டின்மேல் ஈரச் சாக்கு போர்த்தி ஏழு நாள் தண்ணீர் ஊற்றியபின் வளைவுகளைச் செருகி, ஒவ்வொன்றையும் ஊடுருவும் போல்ட்டால் இறுக்கவேண்டும். செருகினதே போதும் என்று விட்டுவிட்டால் அஸ்திவாரம் நிலைத்திருக்க, மேற்கட்டு மட்டும் பறந்துபோகும். தரைக்கு மணலோ சிறு ஜல்லியோ பரப்பினால் போதும். பிறகு நீளவாட்டில் இரு பக்கமும் ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, தாளின் ஓரத்தை அதில் மடித்துப் புதைத்து மண்ணைத் திம்மென்று மிதித்துவிடவேண்டும். தாள் விரிக்கும் வேலையைக் காற்றெழும்புமுன் விடியற்காலையில் நான்கு ஆட்களைக்கொண்டு முடிப்பது நலம். புயல் எச்சரிக்கை வந்தால் கதவுகளை அடைத்துக் கட்டவேண்டும். காற்று அதற்கும் மிஞ்சுமென்று தோன்றினால் தாளை அறுத்துவிடத் தயங்கலாகாது. தாளை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.