ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போச்சு, மேனுவலா மாத்திடலாமா? ₹65,000 கணக்கு

வீடியோல பத்து நிமிஷத்துல சொல்ல முடியாத கணக்கு இது. அதனால எழுத்துல கொடுக்கிறேன். கையில் கால்குலேட்டர் வச்சுக்கிட்டே படிங்க.

எங்க ஊர் ஐயம்பேட்டை. காஞ்சிபுரத்துல இருந்து வாலாஜாபாத் போற ரோட்டுல, பட்டுத்தறி சத்தம் கேட்கிற ஊர். என் சித்தப்பா பையன் ஒரகடத்துல ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறான். சம்பளம் ₹32,000. வேலைக்கு கம்பெனி பஸ். வீட்டுக்குன்னு ரெண்டு வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல 2013 மாடல் ஆட்டோமேட்டிக் கார் ஒண்ணு வாங்கினான். விலை ₹2,75,000.

ஒரு சனிக்கிழமை காலையில போன். "அண்ணா, வண்டி ரெண்டாவது கியருக்கு மேல போகவே மாட்டேங்குது. மெக்கானிக் மேனுவலா மாத்திடலாம்ங்கிறார். 65 ஆயிரம். ஒரிஜினலை ரீபில்ட் பண்ணா ஒரு லட்சத்துப் பத்தாயிரமாம். கையில 70 இருக்கு. மாத்திடட்டுமா?"

நீங்களா இருந்தாலும் 65-க்குத்தான் போவீங்க. நானும் போயிருப்பேன். அவசரப்படாம முதல்ல அந்த 65-க்குள்ள என்னென்ன இருக்குன்னு பார்ப்போம்.

மாத்துறதுன்னா என்னத்த மாத்துறது?

கியர்பாக்ஸ் ஒண்ண மட்டும் கழட்டி வேற ஒண்ண மாட்டுற வேலை இல்ல இது. ஆட்டோமேட்டிக்ல இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். மேனுவலுக்கு அதை எடுத்துட்டு ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் வைக்கணும். கிளட்ச் பெடல் செட், அதுக்கான கேபிளோ ஹைட்ராலிக் சிலிண்டரோ வேணும். கியர் லீவர், அதோட கேபிள், சில வண்டியில டிரைவ் ஷாஃப்ட், மவுன்ட் எல்லாமே வேற. அப்புறம் வயரிங். ஆட்டோமேட்டிக் வண்டி P அல்லது N-ல இருந்தாத்தான் ஸ்டார்ட் ஆகும், அந்த சுவிட்சுக்கு ஒரு வழி பண்ணணும். ரிவர்ஸ் லைட்டும் அதே மாதிரிதான்.

எல்லாத்தையும் விட பெரிய தலைவலி இசியு. வண்டியோட கம்ப்யூட்டர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சிக்னலுக்காக காத்துக்கிட்டே இருக்கும். வரலன்னா செக் இன்ஜின் லைட் எரியும், சில வண்டியில பிக்கப்பே குறைஞ்சிடும். மேனுவல் மாடலோட இசியு மாத்தணும், இல்ல புரோகிராம் பண்ணணும். தம்பியை மெக்கானிக்கிட்ட கேட்கச் சொன்னேன். "அது தனி" என்று பதில் வந்தது. ஆக, 65 இப்பவே 65 இல்ல.

யூடியூப்ல அமெரிக்காக்காரங்க பழைய ஃபோர்டு, டொயோட்டா பிக்கப்ல ஆட்டோமேட்டிக்கை எடுத்துட்டு மேனுவல் போடுற வீடியோ நிறைய இருக்கு. தம்பியும் ரெண்டு மூணு பார்த்துட்டுதான் பேசினான். அங்க ஒரே பிக்கப் மாடல் ரெண்டு கியர்பாக்ஸோடும் நிறைய வித்திருக்கு, பழைய இரும்புக்கடையில முழு செட்டா கிடைக்கும். முக்கியமா, அவங்க லீவு நாள்ல ஆசைக்குப் பண்றாங்க. சொந்த உழைப்புக்கு கூலி போட மாட்டாங்க. நம்ம ஊர்ல ஆட்டோமேட்டிக் பிக்கப்பே அபூர்வம். 2019-ல வந்த இசுஸு வி-கிராஸ் ஆட்டோமேட்டிக், அப்புறம் டொயோட்டா ஹைலக்ஸ், அவ்வளவுதான் பெரும்பாலும். காருக்கு சாமான் வேணும்னா சென்னை புதுப்பேட்டை. அங்க கிடைக்கும், நல்ல சாமானும் கிடைக்கும். ஆனா பில் இல்லாம வாங்காதீங்க. எந்த வண்டியில இருந்து வந்த சாமான்னு நாளைக்கு போலீஸ் கேட்டா பதில் சொல்ல வேண்டியது நீங்க. "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம்"னு சொல்வாங்க. அந்த 18 சதவீதத்தை மிச்சம் பிடிச்சா வாரன்டின்னு போய் நிக்க கையில ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

இப்ப கணக்கு

தம்பி திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்ணுதான்: "2,75,000 போட்டு வாங்கினேன் அண்ணா, விட முடியுமா?" அந்த ரெண்டே முக்கால் லட்சம் போயாச்சு. ரிப்பேர் பண்ணாலும் பண்ணலன்னாலும் அது திரும்ப வராது. இந்தக் கணக்குல அதுக்கு இடமே இல்ல. கேட்க வேண்டியது இதை: இன்னிக்கு வண்டி இருக்கிற நிலையில என்ன விலை? ரிப்பேருக்கு அப்புறம் என்ன விலை? அந்த வித்தியாசம் நான் போடுற காசை விட அதிகமா, கம்மியா?

ரெண்டு டீலர்கிட்ட விசாரிக்கச் சொன்னேன். இப்படியே தள்ளிக் கொடுத்தா ₹70,000. ஒரிஜினல் ஆட்டோமேட்டிக் நல்லா ஓடினா ₹1,90,000. மேனுவலா மாத்தின வண்டின்னு சொன்னதும் ஒருத்தர் வேண்டவே வேண்டாம்னுட்டார், இன்னொருத்தர் ₹1,20,000-க்கு மேல ஏறல.

ரீபில்ட்: ₹1,10,000 போட்டா மதிப்பு ₹1,20,000 ஏறுது. ₹10,000 லாபம். மேனுவல்: ₹65,000 போட்டா மதிப்பு ₹50,000 தான் ஏறுது. ₹15,000 நஷ்டம், அதுவும் இசியு செலவு சேர்க்காம. கம்மியா தெரிஞ்ச கொட்டேஷன்தான் இங்க காஸ்ட்லி.

"ரீபில்டுக்கு 40 ஆயிரம் கடன் வாங்கணுமே"ன்னான். நியாயமான பயம். 14% வட்டியில 12 மாசத்துக்கு ₹40,000 எடுத்தா இஎம்ஐ சுமார் ₹3,590. மொத்த வட்டி ₹3,100 பக்கம், பிராசசிங் ஃபீ தனி. கடனே கூடாதுங்கிற கட்சி நான். ஆனா மூவாயிரம் வட்டிக்குப் பயந்து பதினஞ்சாயிரம் நஷ்டத்துக்குப் போறதும் சரியில்ல.

மெக்கானிக் பக்கத்து வாதத்தையும் சொல்லிடறேன், ஏன்னா அதுல உண்மை இருக்கு: மைலேஜ். பழைய ஆட்டோமேட்டிக் லிட்டருக்கு 12, மேனுவல் 15 கொடுக்குதுன்னு வச்சுக்குவோம். பெட்ரோல் ₹101. மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறவங்களுக்கு வருஷத்துக்கு சுமார் ₹20,200 மிச்சம். ரீபில்டுக்கும் மேனுவலுக்கும் உள்ள வித்தியாசம், வட்டியையும் கழிச்சா, ₹21,900. பதிமூணு மாசத்துல சரியாயிடும். அப்படி ஓட்டுறவர்னா, விக்கிற எண்ணமும் இல்லன்னா, மேனுவல் தப்பான முடிவு இல்ல. தம்பி வண்டி மாசம் 250 கிலோமீட்டர் ஓடுது. அவனுக்கு மிச்சம் வருஷத்துக்கு ₹5,050. சரியாக நாலு வருஷத்துக்கு மேல ஆகும். 2028-ல வண்டிக்கு 15 வருஷம் முடியுது, ஆர்சி புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல அந்த ஃபீஸை ₹600-ல இருந்து ₹5,000 ஆக்கிட்டாங்க. பெட்ரோல்ல மிச்சம் பிடிச்சதுல ஒரு வருஷத்துக் காசு அங்கயே போயிடும்.

உங்க வண்டி ஏஎம்டியா இருந்தா கதையே வேற. 2014-ல மாருதி செலிரியோ கொண்டு வந்த அந்த டைப்ல உள்ள இருக்கிறதே மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கிற, கியர் போடுற வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்யுது. பெரும்பாலும் போறது அந்த ஆக்சுவேட்டரோ கிளட்சோதான். "கியர்பாக்ஸ் போச்சு"ன்னு சொன்னா நம்பிடாதீங்க, எது போச்சுன்னு கேளுங்க.

சட்டமும் இன்சூரன்சும்

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. கேரளாவுல இருந்து வந்த வழக்குல 2019 ஜனவரி 9-ல சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதியா சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்துல பிரிவு 182ஏ சேர்ந்தது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் ₹5,000 அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டும். ஆர்சியில கியர்பாக்ஸுக்குன்னு தனிக் கட்டம் கிடையாது, அதனால "யாரும் பார்க்க மாட்டாங்க"ன்னு மெக்கானிக் சொல்வார். ஆனா ஆர்சியில மாடல் பேர் இருக்கு, பாலிசியில வேரியன்ட் இருக்கு. ஐடிவி போட்டதே அந்த வேரியன்டை வச்சுதான். மாத்துறதுன்னு முடிவு பண்ணா, முன்னாடியே ஆர்டிஓகிட்ட (நம்மளுக்கு டிஎன் 21, காஞ்சிபுரம்) எழுத்துல கேளுங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல சொல்லுங்க. சொல்லாம மாத்திட்டு ஆக்சிடென்ட் ஆனா, சர்வேயர் பானட்டைத் திறந்ததும் தெரிஞ்சிடும். கிளெய்ம்ல பிரச்சினை பண்ண அது போதும். ஹயர் பர்ச்சேஸ்ல ஓடுற வண்டின்னா கடன் கொடுத்தவங்களோட எழுத்து சம்மதமும் வேணும்.

"இன்சூரன்ஸ்ல ரிப்பேர் வாங்க முடியாதா?"ன்னு நிறைய பேர் கேட்கிறீங்க. முடியாது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியா இருந்தாலும் தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் கவர் ஆகாது. சம்பளக்காரங்களுக்கு சொந்தக் கார் ரிப்பேர்ல வருமான வரிச் சலுகையும் இல்ல.

கணக்குல வராத ஒண்ணு

இவ்வளவும் போட்டு முடிச்ச பிறகுதான் தம்பி சொன்னான், ஆட்டோமேட்டிக் வாங்கினதே சித்தப்பாவுக்காகன்னு. சித்தப்பா நாற்பது வருஷமா குழித்தறியில உட்கார்ந்து மிதி மிதிச்சவர். இடது முழங்கால் தேஞ்சு போச்சு, கிளட்ச் மிதிக்க முடியாது. சேலையை அறுத்து காஞ்சிபுரத்துல கொடுத்துட்டு வர அவர்தான் இந்தக் காரை ஓட்டுறார். மேனுவலா மாத்தினா மறுபடி பஸ், இல்லன்னா ஆட்டோவுக்கு காசு. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேடா"ன்னேன். "நீங்க காசு கணக்கு மட்டும்தானே அண்ணா கேட்டீங்க"ன்னான்.

மேனுவல் அதோட முடிஞ்சது. ஆனா ரீபில்டுக்கும் நான் சரின்னு சொல்லல. ஏன்னா ரெண்டு கொட்டேஷனும் வந்தது, வண்டியை ஸ்கேன் பண்ணவே இல்லாம. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கிற ஒருத்தர்கிட்ட சென்னைக்கு வண்டியை ஏத்தி அனுப்பினோம். டோயிங் ₹4,500, ஸ்கேன் பண்ணி ஆயில் பேனைக் கழட்டிப் பார்க்க ₹2,500. ஆயில் கறுத்துப் போயிருந்தது, ஆனா இரும்புத் தூள் இல்ல. கோளாறு காட்டினது ஒரு சோலினாய்டுல. சோலினாய்டு, ஃபில்டர், புது ஆயில், கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து பில் ₹31,800. வாரன்டி மூணு மாசம்தான்.

மொத்தம் ₹38,800. கடன் வாங்கல. கையில ₹31,200 மிச்சம். அதுல இருந்து தொடங்கி மாசம் ₹2,000 தனி ஆர்டியில போடச் சொல்லியிருக்கேன், வண்டிக்குன்னு மட்டும். ஏன்னா எட்டு மாசம் ஆச்சு, காலையில குளிர்ல எடுத்தா ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாறும்போது இன்னும் லேசா உதைக்குது. அந்த ரீபில்ட் செலவு தள்ளிப் போயிருக்கலாம், இல்லாமலே போகல. சித்தப்பா அதைக் கண்டுக்கிறதில்ல, ரெண்டு நிமிஷம் இன்ஜினை ஓட விட்டுட்டு அப்புறம்தான் எடுக்கிறார்.