எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிஞ்சாச்சு... இனி சாப்பாடு எப்படி?

கல்யாணப் பந்தி. இலையில் ஒரே ஒரு இட்லி, ஓரமாகக் கொஞ்சம் சாம்பார். பரிமாறுபவர் விடுவதாக இல்லை. "என்ன சார், அவ்வளவுதானா? இன்னும் ஒண்ணு வெச்சுக்கோங்க" என்கிறார். பக்கத்து இலைக்காரரோ, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதிதல்ல.

அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகான சாப்பாட்டு முறையோ வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டியது. அதில் கோட்டைவிட்டால் எடை மீண்டும் ஏறலாம். ஊட்டச்சத்துக் குறைந்து நரம்புகளே பாதிக்கப்படவும் கூடும். என்ன சாப்பிடலாம், எதில் கவனம் தேவை?

வயிற்றுக்குள் என்ன மாறுகிறது?

பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு வகை. முதலாவது, 'ஸ்லீவ்' அறுவை சிகிச்சை. இதில் இரைப்பையின் சுமார் 75 முதல் 80 சதவீதம் வரை நீக்கப்படும். மிச்சமிருப்பது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய்தான். பசியைத் தூண்டும் 'கிரெலின்' ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் பகுதியும் சேர்ந்தே போய்விடுவதால், தொடக்கத்தில் பசியே தெரியாது.

இரண்டாவது, 'பைபாஸ்'. இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறிய பையை உருவாக்கி, அதைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். இரும்பு, கால்சியம் போன்றவற்றை அதிகம் உறிஞ்சும் குடலின் தொடக்கப் பகுதியை உணவு தொடாமலேயே போய்விடும். அதனால் இவர்களுக்குச் சத்துக் குறைபாட்டு அபாயம் கூடுதல்.

முதல் 2 மாதங்கள்

வீட்டுக்கு வந்ததும் பழைய சாப்பாட்டுக்குப் போக முடியாது. முதல் ஓரிரு நாள் தண்ணீர், வடிகட்டிய சூப் போன்ற தெளிந்த திரவங்கள். பிறகு சுமார் 2 வாரங்களுக்குப் பால், மோர், புரதப் பொடி கலந்த பானங்கள். அடுத்து, மசித்த பருப்பு, மிக்ஸியில் அரைத்த காய்கறி போன்ற கூழ் உணவு. அதன்பின் அவித்த முட்டை, மீன், பன்னீர், இட்லி என மென்மையான உணவு. ஏறக்குறைய 2 மாதத்தில்தான் வழக்கமான உணவு, அதுவும் சின்ன அளவில். மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த அட்டவணை கொஞ்சம் மாறும். உங்கள் டாக்டர் கொடுத்ததையே பின்பற்றணும்.

புரதம் முதல்ல, சோறு கடைசில

ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. ஒரு இட்லியில் 2 கிராம் அளவுக்குத்தான் வரும். நாலு வாய்க்கே வயிறு நிரம்பிவிடும்போது, அந்த நாலு வாயும் சோறாக இருந்தால் புரதத்துக்கு இடமே இருக்காது. அதனால் முதலில் முட்டை, மீன், கோழி, பன்னீர், சுண்டல், கெட்டிப் பருப்பு. அடுத்து காய்கறி. இடம் இருந்தால் மட்டும் சோறு.

வாய்க்கு வாய் நன்றாக மெல்ல வேண்டும். பரோட்டா, பிரெட், குழைந்த சாதம் ஆகியவை உள்ளே போய் உருண்டையாகிச் சிக்கியதுபோல் உணர வைக்கலாம். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார் போன்றவற்றிலும் கவனம் தேவை.

தண்ணீர் தனி, சாப்பாடு தனி

சாப்பாட்டுக்கு நடுவில் மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை விடணும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துதான் தண்ணீர். ஆனாலும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் உடலில் நீர் வற்றிவிடும். சோடா, கோலா வேண்டாம்.

ஸ்வீட் சாப்பிட்டதும் ஏன் படபடப்பு?

முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, ஜிலேபியோ ஜூஸோ உள்ளே போன அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் வரலாம். சர்க்கரை சட்டென்று சிறுகுடலில் இறங்குவதே காரணம். இதற்கு 'டம்பிங் சிண்ட்ரோம்' என்று பெயர். சிலருக்கு 1 முதல் 3 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கவும் செய்யும்.

"நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு?"

எடை குறைந்து, உடம்பு லேசாகிவிட்ட பிறகு பலர் செய்யும் தவறு இது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும். உடலில் பி12 சேமிப்பு சில ஆண்டுகள்கூடத் தாங்கும். அதனால் மாத்திரையை நிறுத்திய உடனே ஒன்றும் தெரியாது. பின்னாளில் ரத்தசோகை, கால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம் என்று வந்து நிற்கும். சைவ உணவுக்காரர்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம்.

இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, 2 மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடும் விழுங்க வேண்டாம்.

இவற்றையும் தெரிஞ்சுக்கோங்க

* முடி கொட்டுதல்: 3, 4 மாதத்தில் தொடங்கலாம். பெரும்பாலும் தற்காலிகம்தான். புரதமும் இரும்பும் குறையாமல் பார்த்துக்கொள்ளணும்.
* சர்க்கரை, பிரஷர் மாத்திரை: பழைய அளவிலேயே தொடர்வது ஆபத்து. டாக்டர் அளவை மாற்றித் தருவார்.
* கர்ப்பம்: 12 முதல் 18 மாதங்கள் தள்ளிப்போடுவது நல்லது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம்.
* வலி மாத்திரை: பைபாஸ் செய்தவர்கள் இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தாங்களாக வாங்கிப் போட்டால் புண் வரலாம்.
* மது: முன்பைவிடக் குறைந்த அளவிலேயே வேகமாகப் போதை ஏறும்.

எடை திரும்ப வருமா?

வரலாம். கால்பந்து ஜாம்பவான் மரடோனா 2005-ல் கொலம்பியாவில் பைபாஸ் செய்துகொண்டு வெகுவாக இளைத்தார். பின்னர் எடை கூடி, 2015-ல் வெனிசுவேலாவில் மீண்டும் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. பசி மெல்லத் திரும்பும்போது மிக்சர், ஐஸ்கிரீம், மில்க்‌ஷேக் என நாள் முழுக்கக் கொறிப்பதற்குச் சின்ன வயிறு தடை போடாது. நடைப்பயிற்சி, ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை இரண்டும் அவசியம்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

காய்ச்சல், கடுமையான வயிற்றுவலி, நெஞ்சு படபடப்பு, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் இருந்தால் காத்திருக்கக் கூடாது. வாந்தி நாள்கணக்கில் நிற்கவில்லை என்றால் பி1 குறைந்து மூளையே பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, குழப்பம், தள்ளாட்டம் அதன் அறிகுறிகள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "போதும்" என்று அவர் சொன்னால் அது மரியாதைக்காகச் சொல்வது அல்ல. அதற்கு மேல் ஒரு வாய் போனாலும் வாந்தி வரலாம். சின்னத் தட்டு, சின்ன ஸ்பூன், கூட உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட ஒரு துணை. இவை கிடைத்தால் பாதி சிரமம் குறையும்.