மலை முடியும் இடத்தில் ஒரு கோட்டை

குமரிக்கு அருகிலுள்ள வட்டக்கோட்டையின் மதில்மேல் ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றுகள். இரண்டுக்கும் நடுவிலுள்ள இந்த மண்ணின் இரண்டாயிரம் ஆண்டுக் கதையைக் காற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கோடையில் ஆசியாவின் பெருநிலம் கொதிக்கிறது. அதன் மேலுள்ள காற்று இலேசாகி எழ, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று விரைந்து வருகிறது. பூமியின் சுழற்சி அதைத் தென்மேற்கிலிருந்து வளைத்து அனுப்புகிறது. ரோமப் பேரரசின் வணிகர்கள் இந்தப் பருவக்காற்றை நம்பியே ஜூலையில் எகிப்திலிருந்து பாய் விரித்தார்கள். செங்கடலின் வாயிலிலிருந்து சேரநாட்டு முசிறிக்கு 40 நாள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார்.

முதல் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்' நூலில் 'கொமரி' வருகிறது. அங்கே ஒரு துறை உண்டு. துறவு பூண்டவர்கள் வந்து நீராடித் தங்குகிறார்கள். ஒரு பெண் தெய்வமும் அங்கே நீராடியதாகச் சொல்கிறார்கள் என்கிறார் அவர். அதற்கடுத்து அவர் சொல்வது கொற்கையின் முத்துக்குளிப்பு. குமரியை விட்டுக் கொற்கை நோக்கிப் போன எந்தக் கப்பலும் இன்றைய வட்டக்கோட்டைக் கரையைக் கடந்துதான் போயிருக்கும். இரண்டாம் நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி குறித்த 'கொத்தியாரா'வை நாகர்கோவிலின் கோட்டாறு என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு நம் கோட்டாறு தெரிந்திருந்தது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வந்தவர்களை இழுத்தது மிளகும் முத்தும். பல நூற்றாண்டுகள் கழித்து டச்சுக்காரர்களை இழுத்ததும் அவைதான். 1658-இல் தூத்துக்குடி, 1661-இல் கொல்லம், 1663-இல் கொச்சி என்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி குமரிமுனைக்கு இருபுறமும் காலூன்றியது. 1729-இல் திருவிதாங்கூர் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மர், மிளகு விளையும் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். கம்பெனியின் மிளகு வணிகம் ஆட்டம் கண்டது. இலங்கையிலிருந்து அதன் படை வந்து குளச்சலில் இறங்கியது. 1741 ஆகஸ்டில் அந்தப் படை தோற்றுச் சரணடைந்தது. அந்த வெற்றியைச் சொல்லும் தூண் குளச்சலில் இன்றும் நிற்கிறது.

பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாச்சியஸ் டிலனாய். மன்னர் அவரைச் சிறையில் வாட விடவில்லை, தம் படையையே அவரிடம் ஒப்படைத்தார். ஐரோப்பிய முறையில் வீரர்களைப் பழக்கியதும் உதயகிரியில் பீரங்கி வார்க்க வைத்ததும் அவர்தான். மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தார்கள். மிளகைப் பிடிக்க வந்த கம்பெனியின் ஆள் அந்த மிளகு நாட்டுக்கே காவல் கட்டியதை, நம் வரலாற்றின் பெரிய திருப்பங்களில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

அவர் காலத்தில் வலுப்பெற்றதுதான் வட்டக்கோட்டை. ஏறக்குறைய மூன்றரை ஏக்கர் பரப்பு. கருங்கல் மதில் சுமார் 25 அடி உயரம். மதிலின் தடிமன்தான் கவனிக்க வேண்டியது: முன்புறம் 29 அடி, மூலைகளில் 18, பின்புறம் வெறும் 6. பீரங்கிக் குண்டு எங்கே விழுமோ அங்கே கல்லைக் குவித்து, மற்ற இடங்களில் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். உள்ளே சில கற்களில் மீன் உருவங்கள் இருக்கின்றன. அவற்றைப் பாண்டியர் சின்னமாகக் கொள்வது இங்கே வழக்கம்.

ஆனால் இந்தக் கோட்டையைத் தனியாகப் பார்த்தால் அதன் பொருள் பிடிபடாது. மலைச்சுவர் ஆரல்வாய்மொழியில் அறுந்து ஒரு கணவாயாகிறது. குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிடுவதுபோல, மலை தடுத்த தென்மேற்குக் காற்று அந்த இடுக்கில் வேகம் பிடிக்கிறது. அதனால்தான் முப்பந்தலைச் சுற்றி ஏறக்குறைய 1500 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் நிற்கின்றன. காற்று கிழக்கே போகும் அதே வழியில் படைகள் மேற்கே வந்தன. நாஞ்சில் நாட்டு நெல்வயல்களைத் தேடி மதுரை நாயக்கர் படைகள் நுழைந்தது இதன் வழியே. மலையிலிருந்து கடல் வரை அந்தத் திறப்பை அடைக்க எழுந்த அரண்வரிசையின் கடல்முனைதான் வட்டக்கோட்டை. ஆகவே, கடலைப் பார்த்து நின்றாலும் அது காத்தது நிலத்தின் வாசலையும் சேர்த்துத்தான்.

அந்த வாசல் கடைசியில் திறந்துவிட்டது. திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, 1809 பிப்ரவரியில் கர்னல் செயின்ட் லெஜரின் படை திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து ஆரல்வாய்மொழி அரணைப் பிடித்தது. கடல்முனையில் எவ்வளவு கல் குவித்திருந்தும் கணவாயில் உடைந்த காவலுக்கு அது ஈடாகவில்லை.

டிலனாய் அதைப் பார்க்கவில்லை; 1777-இலேயே இறந்துவிட்டார். வட்டக்கோட்டை பார்க்க வருகிறவர்கள் குமரியோடு திரும்பிவிடாமல், நாகர்கோவில் தாண்டித் திருவனந்தபுரம் சாலையில் புலியூர்க்குறிச்சி வரை போகவேண்டும். உதயகிரிக் கோட்டைக்குள், கூரையிழந்த சிற்றாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அதன்மேல் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.